பன்றிக்கு வந்த ஜுரம்

டாக்டர் ரிச்சர்டு ஷோப்பின் வாழ்க்கை

அமெரிக்காவின் நடுப்பகுதியில் அயோவா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மக்காச்சோளம் விளையும் பூமி. நூறு வருஷங்களுக்கு முன் அங்கே விளைந்த சோளத்தில் பெரும்பகுதி மூட்டையாகச் சந்தைக்குப் போகவில்லை. பன்றிகளின் வயிற்றுக்குப் போயிற்று. சோளம் தின்று கொழுத்த பன்றிதான் சந்தைக்குப் போகும். அந்தக் காசில்தான் குடியானவர் நிலத்தின் மேல் உள்ள கடனை அடைப்பார், ஏர் வாங்குவார், பிள்ளைகளுக்குச் சட்டை எடுப்பார். நம் நாட்டில் ஒரு கறவை மாடு குடும்பத்தைத் தாங்குகிறது அல்லவா? அங்கே பன்றி தாங்கிற்று.

1918-ம் வருஷம், செப்டம்பர் மாதக் கடைசி. அந்த மாநிலத்தில் சீடர் ராப்பிட்ஸ் என்ற ஊரில் பெரிய பன்றிக் கண்காட்சி நடந்தது. பல இடங்களிலிருந்து உயர்ந்த ஜாதிப் பன்றிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்கே பன்றிகள் நோயில் விழுந்தன. கண்காட்சி முடிந்து அவை ஊர் திரும்பின. சில நாட்களில் அந்தந்த ஊர்ப் பண்ணைகளிலும் நோய் பரவிற்று.

நேற்று வரை தீனிக்கு முட்டி மோதிய பன்றிகள் இன்று எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. வறட்டு இருமல் இருமின. வயிற்றை எக்கி எக்கி மூச்சு வாங்கின. ஒரு பட்டியில் ஒன்று படுத்தால், இரண்டே நாளில் பட்டி முழுவதும் படுத்தது.

இது என்ன நோய்? பன்றி வளர்த்துப் பழுத்த கிழவர்களுக்கும் தெரியவில்லை.

அதே சமயத்தில் மனிதர்களையும் ஒரு ஜுரம் வாரிக்கொண்டு போயிற்று. முதல் உலக மகா யுத்தம் முடிகிற நேரம் அது. யுத்தத்தில் செத்தவர்களைவிட அந்த இன்புளூயன்சா ஜுரத்தில் செத்தவர்கள் அதிகம். உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேர் மாண்டிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். கொள்ளுத்தாத்தா காலத்துக் கதை தெரிந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அந்த வருஷம் போனவர்கள் என்று யாராவது ஒருவர் பெயரைச் சொல்வார்கள்.

அயோவாவில் ஃபோர்ட் டாட்ஜ் என்ற ஊரில் கோயன் என்று ஒரு சர்க்கார் கால்நடை இன்ஸ்பெக்டர் இருந்தார். பண்ணை பண்ணையாகச் சுற்றுவது அவர் வேலை. அவர் ஒன்றைக் கவனித்தார். வீட்டில் மனிதர்கள் ஜுரத்தில் படுத்தால், சீக்கிரமே கொல்லையில் பன்றிகள் படுக்கின்றன. சில இடங்களில் பன்றிகள் முதலில் படுக்கின்றன. பின்னால் வீட்டார் படுக்கிறார்கள். இரண்டும் ஒரே நோய் என்று அவர் முடிவு கட்டினார். பன்றிக்கு வந்ததும் இன்புளூயன்சாதான் என்று பகிரங்கமாகச் சொன்னார்.

பன்றி வியாபாரிகளுக்குக் கோபம் வந்தது. இப்படிச் சொன்னால் ஜனங்கள் பன்றி மாமிசம் வாங்குவார்களா? ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு என்னாவது? கோயன் அசையவில்லை. தம் பேச்சு பலருக்குப் பிடிக்காது என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவரிடம் நிரூபணம் இல்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

நிரூபணம் தேடப் போகிறவர் அப்போது அதே மாநிலத்தில் 16 வயதுப் பையனாக இருந்தார்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ரிச்சர்டு எட்வின் ஷோப் 1901-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அயோவாவின் தலைநகரான டி மாயின் நகரில் பிறந்தார். தகப்பனார் டாக்டர். ஆனால் பையனுக்கோ காடும் மரமும்தான் பிடித்தன. காட்டிலாகாப் படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கடைசியில் வைத்தியக் கல்லூரிக்குத்தான் போனார். 1924-ல் அயோவா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றாரே தவிர, நாடி பிடித்துக் காசு வாங்க உட்காரவில்லை. ஒரு வருஷம் கல்லூரியில் மருந்து சாஸ்திரம் கற்பித்தார். 1925-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிரின்ஸ்டனுக்குப் போனார். ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையம் அங்கே கால்நடை நோய்களுக்கென்று ஒரு பிரிவு வைத்திருந்தது. அதன் தலைவர் தியோபால்டு ஸ்மித். மாட்டு உண்ணிகள் கடிப்பதால் மாடுகளுக்கு ஜுரம் பரவுகிறது என்று கண்டுபிடித்த பெரிய மேதை அவர். மனித வைத்தியம் படித்த ஷோப், இப்படி மாடு, பன்றி, முயல் இவற்றின் வைத்தியத்தில் புகுந்தார். கடைசி வரை வெளியே வரவில்லை.

ஸ்மித்தின் கீழ் வேலை பார்க்கிற யாருக்கும் ஒரு பழைய கதை தெரிந்திருக்கும். ஸ்மித்துக்கு அது அவ்வளவு பெருமையான கதை அல்ல. ஆனால் ஷோப்புக்கு அதுதான் பிற்காலத்தில் கை கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கப் பன்றிகளை ஹாக் காலரா என்ற கொடிய நோய் அடியோடு அழித்து வந்தது. மனிதருக்கு வரும் காலராவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பெயர்தான் ஒன்று. 1885-ல் சால்மன் என்பவரும் இளைஞரான ஸ்மித்தும் செத்த பன்றிகளின் உடலில் ஒரு பாக்டீரியாக் கிருமியைக் கண்டார்கள். இதுவே குற்றவாளி என்று அறிவித்தார்கள். (சால்மனெல்லா என்ற கிருமிக் குடும்பத்துக்கு அந்தச் சால்மனின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.) பதினெட்டு வருஷம் உலகம் அதை நம்பிற்று. 1903-ல் டி ஷ்வைனிட்ஸ், டார்செட் என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். நோயுற்ற பன்றியின் ரத்த நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார்கள். பாக்டீரியா எல்லாம் வடிகட்டியில் தங்கிவிட்டது. கீழே இறங்கிய தெளிந்த நீரை நல்ல பன்றிக்கு ஊசி போட்டார்கள். அதற்கு நோய் வந்தது! ஆக, உண்மையான குற்றவாளி வடிகட்டிக்கும் அகப்படாத வைரஸ். பாக்டீரியா, வீடு தீப்பிடித்த பிறகு உள்ளே புகுந்த திருடன்.

செத்த உடம்பில் இருப்பதெல்லாம் கொன்றது ஆகாது. இந்தப் பாடம் ஷோப்பின் மனத்தில் இருந்தது.

சொந்த ஊருக்குப் போன ஆராய்ச்சி

1928-ல் ஷோப் அயோவாவுக்குப் போனார். அந்த ஹாக் காலராவைப் பற்றி ஆராயத்தான் போனார். போன இடத்தில் வேறொரு நோய் கண்ணில் பட்டது. 1918-ல் வந்த அந்த ஜுரம் போய்விடவில்லை! மனிதர்களை விட்டு அகன்ற பிறகும், ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில், குளிர் தொடங்கும்போது, பன்றிகளுக்கு அது தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இந்த நோயில் சாவு குறைவு. நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரைதான் சாகும். ஐந்தாறு நாளில், படுத்தது போலவே திடீரென்று எழுந்துவிடும். பின் ஏன் குடியானவர் கலங்கினார்? காலத்தைப் பாருங்கள். வசந்தத்தில் பிறந்த குட்டிகள் ஐந்தாறு மாதம் வளர்ந்து, கொழுத்து, விலைக்குத் தயாராகும் நேரம் அது. அந்தச் சமயம் ஒரு வாரம் தீனி எடுக்காமல் கிடந்தால் உடம்பு வற்றிவிடும். போன எடையைத் திரும்பப் பெற மூட்டை மூட்டையாகச் சோளம் போட வேண்டும். சில இளம் பன்றிகள் தேறியும் தேறாமல் நோஞ்சானாகவே நிற்கும். சாகாத நோயும் குடும்பத்தைச் சாய்க்கும்.

இளம் பன்றிகளை இந்த ஜுரம் ஏன் எளிதில் பிடிக்கிறது என்று இன்று நமக்குத் தெரியும். மனிதக் குழந்தைக்கு, தாயின் வயிற்றில் இருக்கும்போதே, நோயை எதிர்க்கும் பொருள்கள் தாயின் ரத்தத்திலிருந்து வந்து சேர்ந்துவிடுகின்றன. பன்றிக்குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது வெறுங்கையோடு பிறக்கிறது. தாயின் சீம்பாலைக் குடித்த பிறகுதான் அதற்குப் பாதுகாப்பு. அதையும் பிறந்த முதல் நாளிலேயே குடித்தாக வேண்டும். பிந்தினால் குடல் அந்தப் பொருள்களை உள்ளே விடாது. இப்படிக் கிடைத்த பாதுகாப்பும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் தேய்ந்துவிடும். தாயைப் பிரிந்து, பல குட்டிகள் ஒரே பட்டியில் அடைந்து கிடக்கும் வயதில் குட்டிக்குக் கவசம் கழன்றிருக்கும்.

ஷோப் நோயுற்ற பன்றிகளின் சளியையும் நுரையீரல் துண்டுகளையும் சேகரித்தார். பிரின்ஸ்டனில் அவருக்கு மூத்தவரான பால் லூயிஸ் என்ற டாக்டர் துணை நின்றார். லூயிஸ் சாதாரணமானவர் அல்ல. இளம்பிள்ளை வாதத்துக்குக் காரணம் வைரஸ் என்று 1909-ல் காட்டியவர்களில் ஒருவர். 1918-ல் பிலடெல்பியாவில் கடற்படை டாக்டராக இருந்தவர். இன்புளூயன்சாவில் மாலுமிகள் சாவதைக் கண்ணால் பார்த்தவர். காரணத்தைத் தேடித் தேடிக் கிடைக்காமல் தவித்தவர்.

இருவரும் பன்றிச் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். மனித இன்புளூயன்சாவுக்குக் காரணம் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஃபைஃபர் முன்பு சொல்லியிருந்த கிருமிக்கு அது அச்சு அசல் உடன்பிறப்புப் போல இருந்தது. வேறு யாராவது என்றால் அதோடு கடையை மூடியிருப்பார்கள். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று பத்திரிகைக்குக் கொடுத்திருப்பார்கள்.

ஆராய்ச்சி முடியும் முன்பே லூயிஸ் பிரேசில் நாட்டுக்குப் போனார். அங்கே மஞ்சள் ஜுரத்தை ஆராயப் போனவரை மஞ்சள் ஜுரமே பிடித்தது. 1929 ஜூன் மாதம் பாஹியா என்ற இடத்தில் இறந்தார். ஷோப் தனியாக வேலையைத் தொடர வேண்டியதாயிற்று.

மூன்று விதப் பரிசோதனை

இந்த நோயைக் கண்டிராத நல்ல பன்றிகளை எடுத்துக்கொண்டார் ஷோப். ஒன்றின் மூச்சுக் காற்று மற்றொன்றின் மேல் படாதபடி தனித்தனியாக அடைத்தார்.

முதல் தொகுதிப் பன்றிகளின் மூக்கில் அந்தப் பாக்டீரியாவை மட்டும் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. பன்றிகள் சுகமாகத் தின்றுகொண்டிருந்தன.

இரண்டாவது தொகுதிக்கு, நோயுற்ற சளியை வடிகட்டிப் பாக்டீரியா இல்லாத தெளிந்த நீரை மட்டும் விட்டார். லேசாக நோய் வந்தது. இரண்டு மூன்று நாள் மந்தமாக இருந்தன, கொஞ்சம் இருமின, தேறிவிட்டன.

மூன்றாவது தொகுதிக்கு இரண்டையும் சேர்த்து விட்டார். அயோவாப் பண்ணைகளில் கண்ட அதே ஜுரம் முழு வேகத்தோடு வந்துவிட்டது! அதே அனல், அதே இருமல், அதே எக்கி எக்கி வாங்கும் மூச்சு.

இன்னொன்றும் தெரிந்தது. வடிகட்டிய நீரால் லேசான நோய் கண்டு தேறிய பன்றிக்கு, பிறகு முழு நோயையும் கொடுத்துப் பார்த்தால், அது நோயில் விழவில்லை.

1931-ல் இவற்றை மூன்று கட்டுரைகளாக வெளியிட்டார். ஒரு கட்டுரையில் இறந்துபோன லூயிஸின் பெயரும் இருந்தது. அதன் பெயரே முதலில் இருந்தது.

வைரஸ் கதவை உடைக்கிறது. பாக்டீரியா உள்ளே புகுந்து சூறையாடுகிறது. ஷோப்பின் கண்டுபிடிப்பை வீட்டுப் பாஷையில் சொன்னால் இதுதான். நம் மூச்சுக் குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு துடைப்பம் போல. பன்றிக்கும் அப்படியே. இன்புளூயன்சா வைரஸ் அந்தச் சுவரின் அணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றைக் கொன்றுவிடுகிறது. துடைப்பம் போய்விடுகிறது. மூக்கில் சும்மா இருந்த கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. பன்றியின் வைரஸ் தனியாகவும் கடும் நோயை உண்டாக்கும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஆனால் பாக்டீரியா கூடினால் நோய் முற்றுகிறது என்ற விஷயம் இன்றும் நிற்கிறது. 1918-ல் மாண்ட மனிதர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் கொன்றது வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது.

தும்மிய பிராணி

ஷோப்பின் கட்டுரைகளை லண்டனில் மூன்று விஞ்ஞானிகள் படித்தார்கள். வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்பது அவர்கள் பெயர். பன்றிக்கு வைரஸ் என்றால் மனிதருக்கும் வைரஸாகத்தானே இருக்க வேண்டும்? 1933-ல் லண்டனில் இன்புளூயன்சா பரவியபோது, நோயாளிகளின் தொண்டையை அலம்பிய நீரை வடிகட்டி ஃபெரட் என்ற பிராணியின் மூக்கில் விட்டார்கள். ஃபெரட் நம் ஊர்க் கீரியைப் போல நீண்ட உடம்புள்ள சின்னப் பிராணி. அதற்கு ஜுரம் வந்தது, மூக்கு ஒழுகிற்று, தும்மிற்று. பிறகு ஒரு சமயம் ஒரு ஃபெரட் தும்மியதில் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கே ஜுரம் வந்துவிட்டது. பாவம் அவர் படுத்தார். விஞ்ஞானத்துக்கு நிரூபணம் கிடைத்தது. மனிதரின் இன்புளூயன்சா வைரஸ் இப்படித்தான் முதன்முதலில் பிடிபட்டது.

கவனியுங்கள். மனித வைரஸ் அகப்படுவதற்கு இரண்டு வருஷம் முன்பே பன்றி வைரஸ் அகப்பட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் கிடைக்காதது பன்றிப் பட்டியில் கிடைத்தது.

அடுத்து ஷோப் செய்ததுதான் என் கணக்கில் அவருடைய மிக அழகான வேலை. ஒருவருக்கு ஒரு வைரஸ் நோய் வந்து தேறினால், அதை எதிர்க்கும் பொருள் அவர் ரத்தத்தில் பல வருஷம் தங்கிவிடும். ரத்தம் ஒரு பழைய கணக்குப் புத்தகம். ஷோப் பல வயதினரின் ரத்தத்தை எடுத்துப் பன்றி வைரஸோடு கலந்து பார்த்தார். பெரியவர்களின் ரத்தம் பன்றி வைரஸை அடக்கிற்று. குழந்தைகளின் ரத்தம் அடக்கவில்லை. சுமார் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எதிர்ப்பு இருக்கிறது. அதற்குக் கீழே அநேகமாக இல்லை. இந்த முடிவை 1936-ல் வெளியிட்டார்.

இவர்களில் பெரும்பாலோர் பன்றியைத் தொட்டவர்களே அல்ல. பின் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? வருஷத்தைக் கணக்குப் பாருங்கள். 1918-ன் ஜுரத்தையும் அதன் அடுத்த அலைகளையும் கண்டவர்களிடம் எதிர்ப்பு இருக்கிறது. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் இல்லை. அப்படியானால் பன்றிகளிடம் வருஷா வருஷம் உலவுவது 1918-ல் உலகை வாரிச் சென்ற அதே ஜுரத்தின் வாரிசு! லண்டன் ஆராய்ச்சியாளர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். கோயன் சொன்னது சரிதான். மனிதரிடமிருந்து பன்றி அதை வாங்கிக்கொண்டு பத்திரமாக வைத்திருந்தது.

இதற்கு முழு நிரூபணம் கிடைக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. அலாஸ்காவின் பனி பூமியில் புதைந்திருந்த உடலிலிருந்தும், ராணுவம் பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் துண்டுகளிலிருந்தும் எடுத்த வைரஸ் எச்சங்களைக் கொண்டு, 1918 வைரஸின் முழு அமைப்பையும் 2005-ல் கண்டறிந்தார்கள். அது எச்1என்1 வகை. ஷோப்பின் பன்றி வைரஸும் அதே வகைதான்.

பைத்திய அரிப்பு

இன்புளூயன்சாவோடு ஷோப் நிற்கவில்லை. அயோவாவில் மாடுகளுக்கு ஒரு விசித்திர நோய் வந்தது. உடம்பில் ஓர் இடத்தில் அரிப்பு எடுக்கும். மாடு அந்த இடத்தை வேலியில் தேய்க்கும், நக்கும், கடிக்கும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலும் விடாது. ஓரிரு நாளில் செத்துப்போகும். குடியானவர்கள் இதைப் பைத்திய அரிப்பு என்று அழைத்தார்கள்.

இது புது நோய் அல்ல. 1902-ல் ஹங்கேரி நாட்டில் அவுயெஸ்கி என்பவர் கண்ட வைரஸ் நோயே இது என்று ஷோப் காட்டினார். அது எங்கிருந்து மாட்டுக்கு வருகிறது? அதே பட்டியில் சுகமாக உலவும் பன்றிகள் மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. இந்த வைரஸ் ஏறிய பன்றியின் மூக்கை, தோல் கீறிய முயலின் உடம்பில் படும்படி செய்தார். முயல் அரிப்பெடுத்துச் செத்தது. பன்றியின் மூக்கில் எமன் இருந்தான். பன்றிக்கோ லேசான ஜுரம்தான்!

ஆனால் பன்றி இனமும் தப்பவில்லை. வளர்ந்த பன்றிக்குத்தான் இந்த வைரஸ் லேசு. பிறந்து இரண்டு மூன்று வாரம் ஆகாத குட்டிக்கு அது மூளையைத் தாக்கும். குட்டி நடுங்கும், கால்களைத் துடுப்புப் போல உதைக்கும், ஓரிரு நாளில் சாகும். ஒரு தாயின் குட்டிகள் அத்தனையும் போய்விடுவது உண்டு. சினைப் பன்றிக்கு வந்தால் கருவும் கலையும். மாட்டையும் பன்றியையும் ஒரே பட்டியில் அடைக்காதீர்கள் என்று குடியானவர்களுக்குச் சொல்ல ஷோப்பின் ஆராய்ச்சி வழி செய்தது. அமெரிக்காவின் வியாபாரப் பண்ணைகளிலிருந்து இந்த நோய் 2004-ல் ஒழிந்தது.

முயலுக்குக் கொம்பு முளைத்த கதையும் ஒன்று உண்டு. காட்டு முயல்களின் முகத்தில் கொம்பு போல் மரு வளர்வதை வேட்டைக்காரர்கள் கண்டிருந்தார்கள். ஷோப் அந்த மருவை அரைத்து, வடிகட்டி, வேறு முயலின் தோலில் பூசினார். அதற்கும் மரு முளைத்தது. 1933-ல் வெளியான இந்த ஆராய்ச்சியை அவர் தம் நண்பர் பெய்டன் ரவுஸிடம் தாராளமாக விட்டுக்கொடுத்தார். அந்த மரு புற்றுநோயாக மாறுவதை ரவுஸ் காட்டினார். இன்று பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுப்பூசி போடுகிறார்களே, அந்த நோயை உண்டாக்கும் வைரஸ், இந்த முயல் வைரஸுக்கு உறவுதான்.

மண்புழு மர்மம்

பெரிய மனிதர்களும் சறுக்குவது உண்டு. ஷோப் சறுக்கிய இடம் மண்புழு.

இலையுதிர் காலத்தில் முதல் குளிர் மழை பெய்ததும், பல மைல் தள்ளியுள்ள பண்ணைகளில் ஒரே சமயத்தில் பன்றிகள் படுக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்ற நேரமே இல்லை. அப்படியானால் வெயில் காலம் முழுவதும் வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது? பன்றியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு உண்டு. அதன் முட்டை பன்றிச் சாணத்தோடு வெளியேறும். மண்புழு அதைத் தின்னும். பன்றி மண்ணைக் கிளறி மண்புழுவைத் தின்னும். நுரையீரல் புழு திரும்பவும் பன்றிக்குள் போகும். இந்தச் சுற்றில்தான் வைரஸும் மறைந்து பயணம் செய்கிறது என்று 1941-ல் ஷோப் சொன்னார். மண்புழு தின்ற பன்றிகள் சுகமாக இருந்தன. பிறகு அவற்றின் உடம்பைச் சோர்வடையச் செய்தால் சிலவற்றுக்கு ஜுரம் வந்தது.

கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் புழுவுக்குள் வைரஸை நேராகக் காட்ட அவரால் முடியவில்லை. வருஷக்கணக்கில் மண்ணைக் கிளறினார். இன்று இதை யாரும் ஏற்பதில்லை. வைரஸ் எங்கும் ஒளியவில்லை. வருஷம் முழுவதும் ஒரு பன்றியிடமிருந்து மற்றொரு பன்றிக்கு, வெளியே தெரியாமல், போய்க்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகப் பிறக்கும் குட்டிகள் அதற்கு ஓயாமல் தீனி ஆகின்றன. குளிர் வந்ததும் பளிச்சென்று தெரிகிறது.

மனைவியின் படத்தில் பூசணம்

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. எதிரிகள் கால்நடை நோய்க் கிருமியை ஏவிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உண்டாயிற்று. முக்கியமாக, நம் நாட்டு மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் நதியின் நடுவே உள்ள கிரோஸ் தீவில் ரகசிய ஆராய்ச்சி நடந்தது. அதற்கு ஷோப்பை அழைத்தார்கள். அங்கே கோழி முட்டையில் வெக்கை வைரஸை வளர்த்துத் தடுப்பு மருந்து தயாரித்தார்கள். (அந்த வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்ததாக 2011-ல் அறிவித்தார்கள்.)

பிறகு கடற்படை டாக்டராகப் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்குப் போனார். மனைவி ஹெலனின் போட்டோவைத் தம்மோடு வைத்திருந்தார். அந்தத் தீவின் புழுக்கத்தில் போட்டோவின் மேலுறையில் பூசணம் பூத்தது. வேறு யாராவது என்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஷோப் அதைச் சுரண்டி எடுத்து வளர்த்தார். அதிலிருந்து எலிகளில் வைரஸ் நோயை அடக்கும் ஒரு பொருள் கிடைத்தது. அதற்கு ஹெலனின் என்று மனைவியின் பெயரையே வைத்தார். 1953-ல் அதை வெளியிட்டார். அது மனிதருக்கு மருந்தாக வரவில்லை. ஆனால் அந்தப் பூசணத்தில் இருந்த வேறொரு வைரஸின் பொருள்தான், உடம்பின் சொந்தப் பாதுகாப்பைத் தட்டி எழுப்பிற்று என்று அவர் மறைந்த பிறகு தெரிந்தது.

1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு ஷோப்புக்குக் கிடைத்தது. 1966 அக்டோபர் 2-ந் தேதி அவர் காலமானார். அதே மாதத்தில் அவர் நண்பர் ரவுஸுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். ஷோப்பின் மகன் ராபர்ட்டும் புகழ்பெற்ற வைரஸ் ஆராய்ச்சியாளர் ஆனார்.

அவர் போன பிறகும் பன்றி வைரஸ் போகவில்லை. 2009-ல் மெக்சிகோ நாட்டுப் பன்றிகளில் உருவான புதிய எச்1என்1 வைரஸ் மனிதரிடம் தாவி உலகம் முழுவதும் பரவிற்று. பன்றியின் மூச்சுக் குழாயில் மனித வைரஸும் ஒட்டிக்கொள்ளும், பறவை வைரஸும் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே சமயத்தில் புகுந்தால் கலந்து புதிய வைரஸ் பிறக்க வழி உண்டு. ஜனங்கள் பயந்து பல நாடுகளில் பன்றி மாமிசத்தையே ஒதுக்கினார்கள். எகிப்து நாட்டில் பன்றிகளைக் கொன்று குவிக்க உத்தரவு போட்டார்கள். சமைத்த மாமிசத்தால் இந்த ஜுரம் வருவதில்லை. கோயன் காலத்து வியாபாரிகள் பயந்த நஷ்டம் தொண்ணூறு வருஷம் கழித்து வேறு குடியானவர்கள் தலையில் விழுந்தது.

அந்த வருஷம் ஒரு வேடிக்கை நடந்தது. வழக்கமாக ஜுரத்தில் முதலில் சாய்பவர்கள் கிழவர்கள். 2009-ல் இளைஞர்கள்தான் அதிகம் படுத்தார்கள். முதியவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது பலரிடம் இந்தப் புது வைரஸை எதிர்க்கும் பொருள் முன்பே இருந்தது. அவர்கள் சிறு வயதில், 1918 வைரஸின் வாரிசுகள் உலவிய காலத்தில், ஜுரம் கண்டு தேறியவர்கள். ஷோப் 1936-ல் புரட்டிய அதே கணக்குப் புத்தகம்!

இன்று அமெரிக்கப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களை வருஷந்தோறும் இன்புளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். இருமலும் ஜுரமும் கண்டால், தேறும் வரை பன்றிகளிடம் போகாமல் வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார்கள். பன்றியிடமிருந்து அவர்களைக் காக்க மட்டும் அல்ல. அவர்களிடமிருந்து பன்றிக்குட்டிகளைக் காக்கவும்தான்.